ஒன்பதாம் சுற்றின் நீளம்

என் கைக்கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு விநாடி பின்தங்கும், ஐயா. அதைத் தவிர அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் காலையில் முகம் கழுவிய கையோடு வானொலியின் செய்தி மணிக்கு அதைச் சரிசெய்துகொள்வேன். முப்பத்தோரு வருடமாகச் சோப்புத் தொழிற்சாலையின் நேர அலுவலகத்தில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் சங்கை ஊதுவதும் நான்தான். அது ஒரு நாள்கூட முன்னே பின்னே ஊதியதில்லை. மேலாளரே தன் கடிகாரத்தை என் சங்குக்குத்தான் சரிசெய்வார்.

குத்துச்சண்டை மன்றத்தின் மணியைப் பற்றிச் சில விவரம் வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லித்தான் உங்கள் காவலர் என்னை அழைத்து வந்தார். அதை மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நானாகத்தான் முடிவு செய்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் சிறையை நினைத்து வந்த பயம் இல்லை இது.

மன்றத்தில் பயிற்சியாளராக இருப்பவர் என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை. செத்துப்போனவன் அவர்களுடைய ஒரே மகன், என் மருமகன். எல்லோரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி நான்கங்குலம், இருபத்து நான்கு வயது. அவன் பிறந்த நேரத்தைக் குறித்தவன் நான்தான். காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். செவிலி ஒன்பது இருபது என்று எழுதியிருந்தாள், அந்த அறையின் கடிகாரம் மூன்று நிமிடம் வேகம் என்று சொல்லித் திருத்த வைத்தேன்.

மன்றத்தில் சம்பளம் இல்லாத ஒரு வேலையும் எனக்கு உண்டு. வளையத்துக்கு வெளியே ஒரு சின்ன மேசை. அதன்மேல் ஒரு பித்தளை மணி, ஒரு சுத்தியல், ஒரு மரக்கட்டை, ஸ்டாப்வாட்ச் என்கிற என் ஓட்டக் கடிகாரம். சுற்று தொடங்க ஒரு மணி, மூன்று நிமிடம் முடிந்ததும் ஒரு மணி. முடிய இன்னும் பத்து விநாடி இருக்கும்போது மரக்கட்டையால் வளையத்தின் விளிம்பில் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே அடித்துக்கொள்கிற இருவருக்கும் அது கேட்கும். "இன்னும் பத்து விநாடிதான், தாங்கு" என்று அதற்கு அர்த்தம். வளையத்துக்குள் யாரும் கடிகாரம் கட்டியிருக்க மாட்டார்கள், நடுவர் உட்பட. உள்ளே இருப்பவர்களுக்கு என் மணிதான் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். நான், மாப்பிள்ளை, ஒரு தையல்காரர், ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பேச்சு எப்போதும் ஒன்றுதான். வேறு வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களை மோதவிடுவது. செத்து நாற்பது வருடம் ஆனவரையும் நேற்று ஜெயித்தவரையும் ஒரே வளையத்தில் ஏற்றிவிட்டு, யார் விழுவார் என்று சண்டை போடுவோம். வெளியாள் கேட்டால் சிரிப்பார். எங்களுக்கு அது விளையாட்டு இல்லை.

என் ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் சுரங்கக்காரர். சாம்பியன் ஆவதற்கு முன்னால் நிலக்கரி வெட்டியவர். அவர் காலத்தில் பட்டத்துக்கான சண்டை பதினைந்து சுற்று. அவர் பட்டம் வாங்கிய சண்டையில் முதல் பதின்மூன்று சுற்றும் தோற்றுக்கொண்டே வந்தார். பதினான்காவதில் எதிராளியின் கால் தளர்ந்தது, அப்போது இவர் உள்ளே நுழைந்தார். எனக்கு அந்தச் சண்டை மனப்பாடம். மாப்பிள்ளையின் ஆள் இந்தக் காலத்துக் கோபுரம். ஆறடி ஏழங்குலம், கை மட்டும் ஒரு கஜம், கணினி பார்த்துச் சாப்பிடுகிற ஆள். ஆனால் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் அவர் ஆடியதே இல்லை. ஆடவும் இப்போது விட மாட்டார்கள்.

"மச்சான், உங்க ஆளு நல்லவருதான். ஆனா என் ஆளோட இடுப்புக்குத்தானே வருவாரு? முகத்துல குத்தணும்னா ஸ்டூல் போடணுமே" என்பார் மாப்பிள்ளை. பெஞ்சே குலுங்கும்.

"பதினஞ்சு ரவுண்டு வச்சுப் பாருங்க மாப்பிள்ளை. உங்க கோபுரத்துக்கு முட்டி மடங்கும்" என்பேன் நான்.

"அந்த ரவுண்டைக் குறைச்சதே ஆளு சாகக் கூடாதுன்னுதானே. எதிராளி செத்தாத்தான் இவரு ஜெயிப்பாருன்னா, அது என்ன ஜெயிப்பு மச்சான்?"

அவருக்குப் பேச வரும். கையைக் காட்டி, காலை மாற்றி, எழுந்து நின்று ஆடிக் காட்டுவார். எனக்கு மணி அடிக்கத்தான் வரும். இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், என் ஆள் அந்தப் பெஞ்சின்மேல் விழுந்துகொண்டே இருந்தார். அவர்கள் சிரித்ததில் கெட்ட எண்ணம் இல்லை. என் தங்கைகூட ஒரு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, அந்த மனுஷனை விட்டுடுங்க, பாவம், எத்தனை தடவை அடி வாங்குவாரு?" என்றாள். அன்று இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

போன வருடம் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவன் மன்றத்தில் சேர்ந்தான். அவனைக் கிடங்குக்காரன் என்போம். முப்பது வயது, குட்டை, கழுத்தும் தோளும் ஒரே அகலம். மாப்பிள்ளை அவனைப் பார்த்துவிட்டு, "இவன் உங்க ஆளு மாதிரியே இருக்கான் மச்சான், எடுத்துக்குங்க" என்று கேலியாகச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன். சுரங்கக்காரர் செய்ததாகப் படித்ததையெல்லாம் அவனைச் செய்ய வைத்தேன். மூட்டையோடு மாடி ஏறுவது, விறகு பிளப்பது, நிற்காமல் கயிறு தாண்டுவது. மாப்பிள்ளை தன் மகனை இந்தக் காலத்து முறையில் தயார் செய்தார். ஆண்டுப் போட்டியில் இருவரும் பத்துச் சுற்று மோதுவது என்று முடிவானது. "இருபத்திரண்டு வருஷக் கேஸுக்கு அன்னைக்குத் தீர்ப்பு" என்று தையல்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

பத்துச் சுற்று என்றால் முப்பது நிமிடம். சுரங்கக்காரருக்குக் கிடைத்தது நாற்பத்தைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் குறைகிறது. இதை நான் அலுவலகத்தில் வருகைத் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். குறைகிற நேரத்தைக் கொடுக்காமல் தீர்ப்பு சொன்னால் அது நியாயமா? மற்ற எல்லோரும் கோபுரத்தின் விதிப்படி ஆடச் சொன்னார்கள். சுரங்கக்காரர் பக்கத்தில் பேச நான் ஒருவன்தான் இருந்தேன். முழுப் பதினைந்து நிமிடமும் கொடுக்க முடியாது, தெரிந்துவிடும். கொடுக்க முடிந்ததைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் பயிற்சியில்தான் செய்து பார்த்தேன். ஐந்து விநாடி தாமதமாக அடித்தேன். யாரும் தலை நிமிரவில்லை. மறுவாரம் பத்து விநாடி, அதற்கடுத்த வாரம் இருபது. யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மூன்று நிமிடம் என்பது உலகத்தில் எங்கேயோ கெட்டியாக இருக்கிறது, நான் அதைப் பார்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. என் கை கீழே வரும்போதுதான் அது முடிந்தது. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது யாரோ பின்னால் வருவதுபோல இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

யாருக்கும் தெரியவில்லை என்றேன், அது சரியில்லை. நெட்டைக்குத் தெரிந்தது. ஒரு நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே மேசைக்கு வந்தான்.

"மாமா, உங்க வாட்ச் தூங்கிடுச்சா? கடைசி ரவுண்டு முடியவே மாட்டேங்குதே."

"உனக்கு மூச்சு வாங்குது. அதனால நீளமாத் தெரியுது" என்றேன்.

அவன் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார். "டேய், மாமா கடிகாரத்தைச் சந்தேகப்பட்டா அப்புறம் சூரியனையும் சந்தேகப்படணும். போய் இன்னும் நாலு மைல் ஓடு."

பையன் தலையைச் சொறிந்துகொண்டு ஓடப் போனான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. களைப்பு வந்தால் நேரம் நீளும் என்று நம்பிவிட்டான். நான்தான் அப்படி நம்ப வைத்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

போட்டி நடந்த அன்று காலையில் மன்றக் கூடத்தின் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மன்றத்து வாட்ச்மேனிடம் சொன்னேன். பேட்டரி தீரவில்லை. அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன், இப்போதும் அங்கேதான் இருக்கும்.

முதல் ஐந்து சுற்றிலும் நான் எதையும் தொடவில்லை. இது முக்கியம், ஐயா. சரியாக மூன்று மூன்று நிமிடம். நெட்டை தூரத்தில் நின்றே குத்தினான், கிடங்குக்காரன் வாங்கிக்கொண்டே முன்னேறினான். ஆனால் ஐந்தாவதின் கடைசியில் நெட்டையின் வலது கால் லேசாக இழுபட்டது. நான் பார்த்தேன். விதிப்படி நடந்த நேரத்துக்குள்ளேயே அது நடந்தது.

ஆறாவதில் இருபது விநாடி சேர்த்தேன். ஏழாவதில் முப்பது, எட்டாவதில் நாற்பது. நடுவில் ஓய்வு ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும், நாற்பத்தைந்து விநாடி கொடுத்தேன். கூட்டம் நாற்காலியில் ஏறி நின்று கத்தியது, யாரும் எண்ணவில்லை. கோபுரத்தின் முட்டி மடங்க ஆரம்பித்தது. நெட்டையை நான் கோபுரம் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

ஒன்பதாவது சுற்றில் மூன்று நிமிடம் ஆனபோது அவன் கயிற்றில் சாய்ந்துவிட்டான். கை கீழே தொங்கியது. நான் கட்டையைத் தட்டவில்லை. மூன்று நிமிடம் இருபது விநாடியில் தட்டினேன், மூன்று தட்டு. அந்தச் சத்தத்தை மூன்று பேர் கேட்டார்கள். இடையில் புகப் போன நடுவர், பத்து விநாடிதானே என்று நின்றுவிட்டார். மாப்பிள்ளை துண்டைத் தூக்கிவிட்டார், வளையத்துக்குள் எறிந்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். கட்டைச் சத்தம் கேட்டதும் அவர் கை இறங்கியது. நெட்டையும் கேட்டான். கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் என்னைப் பார்த்தான்.

வீங்கி ஒரு கண் மூடிக்கிடந்தது. இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தான். வாயில் பல்லுறை இருந்ததால் பேச முடியாது. ஆனாலும் உதடு அசைந்தது. மாமா என்றுதான் சொன்னான், எனக்குத் தெரியும். அவனுக்குப் புரிந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டதற்குப் பதில் அவனுக்கு அப்போது கிடைத்தது. சுத்தியல் என் கையில்தான் இருந்தது. மணிக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது, அப்படியும் நான் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தால் முடிவு தெரிந்துவிடும் என்று இருந்தது. கட்டை தட்டி முப்பத்திரண்டு விநாடி கழித்து அவன் விழுந்தான். விழுந்த பிறகு மணி அடித்தேன்.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனையில் உயிர் போனது. மூன்று மணி பத்து நிமிடம் என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். அந்த வராந்தாக் கடிகாரமும் இரண்டு நிமிடம் வேகம், ஆனால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிடங்குக்காரன் அன்றே உங்களிடம் வந்து நான்தான் கொன்றேன் என்று அழுதானாம். நீங்கள் அவனைத் திருப்பி அனுப்பியதாகக் கேள்வி. நல்லது செய்தீர்கள். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, மணி அடிக்கும்வரை குத்து என்று சொல்லிக்கொடுத்தோம், குத்தினான்.

மருத்துவமனை வராந்தாவில் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பாமலே, "நீங்க சொன்னதுதான் சரி மச்சான். உங்க ஆளுதான் ஜெயிச்சிருப்பாரு" என்றார். உள்ளே பையன் கிடக்கிறான். என் தங்கை கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து நிற்கிறாள். ஐயா, உண்மையைச் சொல்வதாகச் சொன்னேன். அந்த ஒரு நொடி எனக்கு வயிறு குளிர்ந்தது. உடனே போய்விட்டது, ஆனால் குளிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பயம் என்று சொன்னேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை என்னை மன்றத்துக்குக் கூப்பிட்டார். பட்டப்பகல், வெயில் ஜன்னல் வழியாக வளையத்துக்குள் விழுந்திருந்தது. அந்த மேசையிலேயே உட்காரச் சொன்னார்.

"கட்டை தட்டினதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் போன மாதிரி இருந்துச்சு மச்சான். துண்டு என் கையிலயே இருக்கு. பத்து விநாடிதானே, தாங்கிடுவான்னு நினைச்சேன். பத்து விநாடி அவ்வளவு நீளமா இருக்குமா?"

"பயத்துல அப்படித்தான் தெரியும் மாப்பிள்ளை."

"முப்பது வருஷமா இந்த உடம்புக்குள்ள ரவுண்டு ஓடிக்கிட்டிருக்கு. அது தப்பாதுன்னு நினைச்சிருந்தேன். நான் கண்ணை மூடிக்கிறேன். மூணு நிமிஷம் ஆனதும் சொல்றேன், நீங்க வாட்சைப் பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. "இப்ப" என்றார். ஓட்டக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஒரு விநாடி.

"ரெண்டு நிமிஷம் நாப்பதுதான் ஆகியிருக்கு" என்றேன்.

மறுபடி செய்தார். இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது. முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள், இருபத்தைந்து விநாடி குறைகிறது என்றேன். அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. "அப்ப என் தலைதான் கெட்டுப்போச்சு. ரவுண்டு நேரம் சரியாத்தான் இருந்திருக்கு, நான்தான் துண்டைப் போடாம விட்டுட்டேன்" என்றார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் நான் அப்படிச் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அன்றிலிருந்து தினமும் எண்ணுகிறார். சாப்பிடும்போது எண்ணுகிறார், குளியலறையில் எண்ணுகிறார். "அண்ணே, நீங்க வந்து வாட்சோட உக்காந்தாத்தான் அடங்குறாரு, தினமும் வந்துட்டுப் போங்க" என்று தங்கை கெஞ்சினாள். போகிறேன். பதினொரு நாளாக எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். அவர் கண் மூடியிருக்கும், உதடு அசையும். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்கிறார், ஐயா. மகனைப் பறிகொடுத்து, சோறு தண்ணீர் இல்லாமல், ஒரு விநாடிகூடத் தப்பாமல் சொல்கிறார். என் கடிகாரமே நாளைக்கு இரண்டு விநாடி தப்பும். அவர் "இப்ப" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்க்கும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தே பொய்யைச் சொல்கிறேன். என்றாவது ஒரு நாள் நான் சொல்கிற பதிலை அவர் நம்பாமல் போய்விடுவார். அந்தப் பயத்தில்தான் இங்கே எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆக, நெட்டை செத்தது என் கையால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஐந்தாவது சுற்றிலேயே அவன் கால் இழுபட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை நான் மணியைத் தொடவில்லை. அது சுத்தமான நேரம். மீதியெல்லாம் என் குற்றமாக இருக்கட்டும், அந்த ஒன்று சுரங்கக்காரருக்குச் சேர வேண்டியது.

இந்தத் தாள் என்ன, ஐயா? ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கைபேசியில் சண்டை முழுவதையும் படம் எடுத்திருந்தாரா? எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து ஒவ்வொரு சுற்றையும் அளந்து எழுதியிருக்கிறீர்களா? முதல் சுற்று, மூன்று நிமிடம் ஆறு விநாடி. மூன்றாவது, மூன்று நிமிடம் பதினேழு. ஐந்தாவது, மூன்று நிமிடம் முப்பத்தொன்று. ஒன்பதாவது, நான்கு நிமிடம் நாற்பது.

இல்லை. முதல் ஐந்தும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கண் கடிகாரத்தின்மேல்தான் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அந்தக் கைபேசியில் நேரம் வேகமாக ஓடுகிறது, ஐயா. என் கடிகாரத்தை வைத்து அதை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.